அடுத்து என்ன என்று தெரியாத பிள்ளை

நவம்பர் மாதத்து அடைமழை. ஆறரை மணிக்கே என் மகன் சீருடை மாட்டி, ஷூ போட்டு, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறான். ஏழு மணிக்கு டிவியில் ஓடுகிறது: கனமழை காரணமாக மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. தெருவில் மற்ற பிள்ளைகள் கத்திக் கொண்டாடுகிறார்கள். இவன் மட்டும் "இன்னைக்குப் புதன்கிழமை, ஸ்கூல் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பத்து நிமிடத்தில் அழுகை. பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம் பறக்கிறது. ஒன்பது மணிவரை அடங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "லீவு விட்டதுக்கா தம்பி அழுவுறான்?" என்று கேட்டார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இந்தக் காலை பழக்கமானது. லீவு வந்தது அவனுக்கு வருத்தம் இல்லை. புதன்கிழமை என்றால் முதல் பீரியட் தமிழ், மூன்றாவது ஓவியம், டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த ஒரு முழு நாள் ஒரே வரியில் காணாமல் போயிற்று. அதற்குப் பதில் என்ன வரும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வெற்றிடம்தான் அவனைப் பயமுறுத்தியது.

பள்ளியில் இந்தப் பிள்ளைகள் படும் பதற்றத்தைப் புரிந்துகொள்ள இந்த வெற்றிடத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்க இப்படிப்பட்ட வெற்றிடங்கள். டீச்சர் வரவில்லை என்றால் வேறு வகுப்பு டீச்சர் வந்து உட்காருவார். பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். பெஞ்சு மாற்றுவார்கள். ஆண்டு விழா ஒத்திகைக்காகப் பாதி வகுப்பில் கூப்பிடுவார்கள். மழை லீவுக்கு ஈடு செய்ய சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இவையெல்லாம் சின்னச் சலசலப்பு. சிலருக்கு ஒவ்வொன்றும் காலடியில் தரை நழுவுவது போல.

யார் அந்தச் சிலர்? ஆட்டிசம், கவனத்தைக் குவிக்கவும் ஓரிடத்தில் இருக்கவும் சிரமப்படுத்தும் ஏடிஎச்டி, எழுத்துகளை வாசிப்பதைக் கடினமாக்கும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகள் உள்ள பிள்ளைகளை இப்போது நரம்பியல் பன்முகத்தன்மை என்ற ஒரே குடையின் கீழ் பேசுகிறோம். 1990களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய கருத்து இது. மூளை வேலை செய்யும் விதம் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை, வேறுபட்டிருப்பதை எல்லாம் நோய் என்று சொல்லத் தேவையில்லை என்பது அதன் சாரம். நல்ல கருத்துதான். ஆனால் வேறுபாடு நோயில்லை என்று சொல்லிவிட்டு, அந்த வேறுபாட்டோடு சேர்ந்து வரும் பதற்றத்தையும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. பதற்றம் நிஜமான வேதனை. அதற்கு உதவி உண்டு.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது? 2011ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, அதற்கு முன் நடந்த 31 ஆய்வுகளிலிருந்து ஆட்டிசம் உள்ள 2,121 சிறுவர், இளையோரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் 39.6 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பதற்றக் கோளாறாவது இருந்தது. பத்தில் நான்கு பேர். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்து 1999ல் வெளியான ஏடிஎச்டி சிகிச்சை ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருந்தது. அப்படியென்றால் ஆட்டிசமோ ஏடிஎச்டியோ உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கும்போது, பதற்றம் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். "அது ஆட்டிசத்தோட குணம்" என்று ஒதுக்கிவிடுவது பெரிய தவறு. இத்தனைக்கும் 1943ல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவர்களின் பதற்றம் கலந்த தவிப்பைக் குறித்து வைத்திருக்கிறார்.

காரணங்களில் முதலாவதை மேலே சொல்லிவிட்டேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாமைதான் அது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பதற்றத்தை ஆராய்கிறவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதிகம் பேசுவது இதைத்தான். பரீட்சையில் பெயிலாகிவிடுவோமோ என்ற பயம் வேறு. பரீட்சை ஹால் எது, யார் பக்கத்தில் உட்காருவார், பேனா தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாத பயம் வேறு. இரண்டாவதைப் பெரியவர்கள் பயம் என்றே கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது காரணம் புலன்கள். ஒலி, ஒளி, தொடுகை, வாசனை ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக 2013ல் சேர்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அந்த ஆண்டுதான் அது இடம்பெற்றது. நம் வகுப்பறையை ஒரு முறை அந்தக் காதால் கேட்டுப் பாருங்கள். நாற்பது பேர் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிறார்கள். மேலே மின்விசிறி கடகடக்கிறது. வராண்டாவில் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் எவர்சில்வர் தட்டுகள் சரிகின்றன. கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், காலரில் உறுத்தும் தையல். இதற்கு நடுவே டீச்சர் "நான் சொன்னது காதுல விழுதா இல்லையா?" என்கிறார். எல்லாமே விழுகிறது. அதுதான் பிரச்சினை.

இதில் கழிப்பறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. ஈரத் தரை, நாற்றம், இருட்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவு. காலை எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை அடக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள். மலச்சிக்கல் வரும், வயிறு வலிக்கும், காலையில் "வயிறு வலிக்குது, ஸ்கூலுக்குப் போகல" என்பார்கள். வீட்டில் அது நடிப்பு ஆகிவிடும். பதற்றம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இவை இருக்கிறதா என்று ஒரு குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உடலுக்குள் நடப்பதை உணர்ந்து, அதற்குச் சொல் கண்டுபிடித்துச் சொல்வது இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கடினம். நெஞ்சு படபடப்பதும் பசியும் மூத்திரம் முட்டுவதும் ஒரே மாதிரி "ஒரு மாதிரியா இருக்கு" என்றே வெளியே வரும்.

டிஸ்லெக்ஸியா, ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பதற்றம் வரும் வழி கொஞ்சம் வேறு. அது அனுபவத்தால் சேர்வது. "எழுந்து நின்னு வாசி" என்றால் எழுத்துகள் கலங்கும், வகுப்பு சிரிக்கும். நாளைக்கு இன்னொரு முறை. அடுத்த வாரம் டிக்டேஷன். வரிசைப்படி வாசிக்கும் வகுப்பில் அந்தப் பிள்ளை பாடத்தைக் கவனிப்பதே இல்லை. தன் முறைக்கு முன் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும். ஏடிஎச்டி உள்ள பிள்ளை வீட்டுப்பாடத்தை முடித்திருப்பாள், நோட்டை எடுத்து வர மறந்திருப்பாள். திட்டு ஒன்றுதான், முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும். இப்படி ஐந்தாறு ஆண்டுகள் போனால், பள்ளி வாசலைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைவதில் வியப்பு இல்லை. விடைத்தாள் கொடுக்கும் நாளில் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்து, குறைந்தவர்களை எழுப்பி நிறுத்தும் வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பை மட்டும் தடை செய்த சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பதற்றம் வெளியே எப்படித் தெரியும்? இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். பதற்றம் என்றால் நடுக்கம், வியர்வை, அழுகை என்று எதிர்பார்க்கிறோம். இந்தப் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் அடமாக, எதிர்த்துப் பேசுவதாக, மேஜைக்கு அடியில் ஒளிவதாக, ஒரே கேள்வியை முப்பது முறை கேட்பதாக வரும். "அடுத்து எந்த பீரியட் மிஸ்?" என்று முப்பதாவது முறை கேட்கும் பிள்ளைக்குப் பதில் தெரியும். பதில் மாறவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்கிறது. அதைத் தொந்தரவு என்று நினைத்துத் தண்டித்தால் பயம் கூடும், கேள்வியும் கூடும்.

சிலரிடம் எதுவுமே தெரியாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் பலர், மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொண்டு, கைகளை அசைக்காமல் கட்டுப்படுத்தி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து நாளை ஓட்டுவார்கள். வேஷம் போடுவது போல அது உடம்பை முறித்துவிடும் வேலை. நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் வெடிப்பார்கள். மறுநாள் அம்மா பள்ளிக்குப் போய்ச் சொன்னால், "எங்ககிட்ட தங்கமா இருக்காளே, வீட்டுலதான் ஏதோ செல்லம் குடுக்கிறீங்க" என்பார்கள். எனக்குத் தெரிந்த பல தாய்மார்கள் இந்த ஒரு வாக்கியத்தோடு உடைந்துபோய்த் திரும்பியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: வீட்டில் வெடிப்பதும் பள்ளியில் அமைதியாக இருப்பதும் ஒரே நாளின் இரண்டு பாதிகள். அம்மா சொல்வது, நீங்கள் பார்க்க வாய்ப்பில்லாத மறுபாதி.

உதவி என்று வந்தால், எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது அடுத்து என்ன என்பதைச் சொல்வது. காதால் கேட்பது மறைந்துவிடும், கண்ணால் பார்ப்பது நிற்கும். அதனால் எழுதியோ வரைந்தோ காட்ட வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்ளர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 1972ல் மாநில அளவில் தொடங்கிய திட்டம் இந்தப் பட அட்டவணையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்குச் செலவே இல்லை. கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய நாளை ஐந்து வரியில் எழுதி, முடிய முடிய அடித்துக்கொண்டு வந்தால் போதும். சின்னப் பிள்ளையானால் டெஸ்கில் ஒட்டிய அட்டையில் படம். முக்கியமான விஷயம் ஒன்று: அட்டவணையில் மாற்றத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும். நாங்கள் ஒரு மஞ்சள் வட்டம் வைத்தோம். மஞ்சள் வட்டம் வந்தால் ஏதோ மாறப்போகிறது, ஆனால் என்ன மாறும் என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். முதலில் பிடித்தமான மாற்றங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம், கணக்குக்குப் பதில் ஊஞ்சல் என்பது போல. பிறகு மெல்ல மற்றவற்றுக்கு. அடுத்த மழைக்காலத்தில் முந்தின இரவே "நாளைக்கு: பள்ளி, அல்லது மழை லீவு" என்று இரண்டு நாளையும் எழுதி ஒட்டினோம். லீவு நாளிலும் ஐந்து வரி இருந்தது. அழுகை நிற்கவில்லை, ஆனால் இரண்டு மணி நேரம் இருபது நிமிடமாயிற்று.

இரண்டாவது, ஒதுங்க ஓர் இடமும் ஒதுங்க ஒரு வழியும். நூலகத்தின் மூலை, ஆசிரியர் அறையின் வெளி பெஞ்சு, எதுவானாலும் சரி. பேச்சு அடைத்துப்போகும் நேரத்தில் "மிஸ், எனக்கு முடியல" என்று கேட்க வராது. எனவே ஒரு கார்டை மேஜைமேல் வைத்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்வரலாம் என்று முன்பே பேசி வைக்க வேண்டும். அந்த இடத்தைத் தண்டனைக்குப் பயன்படுத்திவிட்டால் அது செத்துப்போகும். பிறகு அங்கே போகச் சொன்னால் பிள்ளைக்குப் பயம் இரட்டிப்பாகும்.

வெடிப்பு உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை வேலை செய்யாது. ஆபத்தென்று உடம்பு முடிவு செய்துவிட்ட பிறகு, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் பின்னுக்குப் போய்விடுகிறது. "மூச்சை இழுத்து விடு" என்று அப்போது சொன்னால் அதுவும் ஒரு சத்தம்தான். மூச்சுப் பயிற்சியை நல்ல நேரத்தில், தினமும், விளையாட்டாகப் பழக்க வேண்டும். உச்சத்தில் செய்ய வேண்டியவை வேறு: சுற்றி நிற்கிற பிள்ளைகளை நகர்த்துவது, குரலைத் தாழ்த்துவது, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருப்பது. விசாரணையெல்லாம் மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எங்களைப் போன்ற பெற்றோர்களுக்கு மிகக் கடினம். பயப்படுகிற எல்லாவற்றிலிருந்தும் பிள்ளையை எடுத்துவிட்டால் பயம் குறையும் என்று தோன்றும். குறையாது. பிரேயர் பயமா, போக வேண்டாம். கேன்டீன் பயமா, வேண்டாம். ஆண்டு விழா பயமா, வேண்டாம். ஒவ்வொரு முறையும் அன்றைக்கு நிம்மதி, அடுத்த மாதம் உலகம் ஒரு சுற்று சின்னதாகிவிடும். கடைசியில் பள்ளியே வேண்டாம் என்று வந்து நிற்கும். ஆனால் "பழகினா சரியாயிடும்" என்று நேராகக் கூட்டத்துக்குள் தள்ளுவதும் கொடுமை. காது வலிக்கிற சத்தத்துக்கு யாரும் பழகிவிட மாட்டார்கள். எது பயம், எது வலி என்று பிரிப்பதுதான் சூட்சுமம். வலியைத் தரும் சத்தம், வெளிச்சம், துணி இவற்றை மாற்றிக்கொடுங்கள், காதடைப்பான் தாருங்கள். பயத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். பிரேயருக்கு முதல் வாரம் வராண்டாவிலிருந்து பார்க்கலாம், மைக்கிலிருந்து தூரமாக. அடுத்த வாரம் வரிசையின் கடைசியில் இரண்டு நிமிடம். எத்தனை நிமிடம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒரு படி பின்வாங்கினால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

மனநல மருத்துவத்தில் இதையே முறைப்படி செய்கிறார்கள். பொதுவான பதற்றச் சிகிச்சையை அப்படியே எடுத்துப் பொருத்தினால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முழுதாகப் பலிப்பதில்லை. 7 முதல் 13 வயதுவரையான 167 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் வழக்கமான பேச்சு சிகிச்சையைவிட, ஆட்டிசத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்த சிகிச்சை கூடுதல் பலன் தந்தது. பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது, பிள்ளைக்குப் பிடித்த விஷயத்தைக் கொண்டே பேசுவது, இப்படிப்பட்ட மாற்றங்கள்தான் இதில் பயன்படுகின்றன. ரயில் பிடித்த பிள்ளையிடம் பயத்தைச் சிக்னலாகப் பேசலாம்: பச்சையா, மஞ்சளா, சிவப்பா? "எப்படி இருக்கே?" என்பதற்குப் பதில் வராத பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லிவிடும்.

சட்டம் என்ன தருகிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் உண்டு. பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வதும், அந்தப் பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்துகொடுப்பதும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவதும் கல்வி நிறுவனங்களின் கடமை என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. பட்டியலில் ஏடிஎச்டியின் பெயர் இல்லை. அதனால் ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளையின் பெற்றோர் ஆசிரியரின் நல்ல மனதையே நம்பி இருக்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும். சான்றிதழ் உள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் உண்டு. 2018ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொன்னது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. தலைமையாசிரியர் வழியாக, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். புதிய எழுதுநர், தனி அறை, அறிமுகமில்லாத கண்காணிப்பாளர் எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கினால் சலுகையே பதற்றமாகிவிடும். எனவே பள்ளித் தேர்வுகளிலேயே எழுதுநரோடு ஒத்திகை பார்ப்பது நல்லது.

அரசுப் பள்ளிகளில் வட்டார வள மையம் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். ஒருவர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் தினமும் எதிர்பார்க்க முடியாது. மதிப்பீட்டுக்கும் ஆரம்பச் சிகிச்சைக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பெற்றோர் தாங்களே நொறுங்கும் இரவுகளில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பதிவேடுகளும் செயலிகளும் நிரப்பிக்கொண்டு, ஓர் ஆசிரியரால் இதையெல்லாம் எப்படிச் செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. பள்ளியில் ஒரே ஒருவர், காலையில் பெயர் சொல்லி அழைத்து, இன்றைக்கு என்ன மாறுகிறது என்று அரை நிமிடம் சொன்னாலே போதும். அவர் வகுப்பாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் மகனுக்கு இரண்டு ஆண்டுகள் அந்த ஒருவராக இருந்தவர், மணி அடிக்கிற ஐயா. மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு ஜன்னல் வழியாக விரலைக் காட்டிவிட்டுப் போவார். இவன் காதைப் பொத்திக்கொள்வான்.

ஜூனில் வகுப்பு மாறும்போது அந்த அறிமுகமெல்லாம் மீண்டும் பூஜ்யம் ஆகிவிடும். அதற்காக ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மருத்துவ அறிக்கையை யாரும் படிப்பதில்லை, ஒரு பக்கத்தைப் படிப்பார்கள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதில் கெட்டி, எது பயம், பயம் வரும்போது உடம்பில் முதலில் என்ன தெரியும், அப்போது என்ன செய்தால் உதவும், எதைச் செய்யவே கூடாது. பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். திறப்பதற்கு முந்தின வாரம், பள்ளி காலியாக இருக்கும்போது புதிய வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டிவிட்டு, அந்தப் பக்கத்தைப் புதிய டீச்சர் கையில் கொடுங்கள். கூட இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆயாம்மாவுக்கு, இன்னொன்று வேன் ஓட்டுகிற அண்ணனுக்கு. பிள்ளையின் பள்ளி நாள் தொடங்குவது அந்த வேனில்தான்.